கால் இன்ச்

என் தங்கை இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அக்கா, கடையில வெட்டுத்துணி கிடக்கா?" என்பதுதான். எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றும் கேட்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த குரல் நேரே துணிக்குப் போய்விட்டது. நான் அப்போது ஒரு டீச்சரின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கொக்கியை இடம் மாற்றி வைத்துவிட்டு அந்தச் செய்தியை ஏழு தடவை கேட்டேன்.

ஜாக்கெட் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டைத்தான் வெட்டுத்துணி என்போம். இராஜாக்கமங்கலத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவளிடம் அது கிடக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கடல்புறத்துக்காரர்கள் படகு இன்ஜின் துடைக்க அள்ளிப் போவார்கள். பக்கத்து வீடுகளில் அடுப்பிலிருந்து பானை இறக்க எடுத்துப் போவார்கள். அப்படியும் தீராமல் என் வீட்டுக்காரர், "ஒருநாள் இந்த மூட்டைக்க அடியில நாம ரெண்டுபேரும் கிடப்போம்" என்பார்.

அவளுக்கு நான் அனுப்பிய பதில் ஒரே வார்த்தை. "கிடக்கு." அதற்கு மேல் ஒரே மூச்சில் இறங்கி வர என்னால் முடியாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நெஞ்சு அடித்த அடி எனக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவள் லீவில் வந்தாள். கல்யாண மண்டபத்தில் பார்க்கிறேன், அவள் போட்டிருந்த பட்டு ஜாக்கெட் நான் தைத்தது இல்லை. நாகர்கோவிலில் ஏதோ டிசைனர் பொட்டிக்கில் கொடுத்துத் தைத்திருக்கிறாள். பாவாடை சட்டை காலத்திலிருந்து அவள் உடம்பில் என் தையல் அல்லாமல் வேறு தையல் ஏறியதில்லை. பந்தியில் அவியலைப் பிசைந்துகொண்டிருந்தவளிடம் நாலு பேர் கேட்க, "என் கைத்தையல் உனக்குக் குறைஞ்சு போச்சோட்டி?" என்று கேட்டுவிட்டேன். அவள் பாதி இலையில் எழுந்து கை கழுவினாள். சொல்லாமலே விமானம் ஏறிப் போனாள்.

அதன் பிறகு அவள் செய்தி எல்லாம் என் வீட்டுக்காரரின் போனுக்குத்தான் வரும். "அத்தான், அக்காட்ட சொல்லிருங்க" என்று முடியும். அவள் உண்டாகியிருக்கிற செய்தியும் அப்படித்தான் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து. எங்கள் அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவள் அங்கே நர்ஸ். மாப்பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில்தான் வேலை, அவருக்கும் லீவு கிடைப்பது பாடு. பிரசவத்துக்கு அவள் பக்கத்தில் யார் நிற்பார்கள்? நான்தான் நிற்க வேண்டும். வேறு யார் நின்றாலும் எனக்குப் பொறுக்காது. ஆனால் "அக்கா, நீ வருவியா?" என்று அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேளாமல் நானாகப் போய் நிற்கமாட்டேன் என்று முரட்டுப் பிடிவாதமாக இருந்தேன். மாதம் ஏழு ஆகிவிட்டது. அவள் கேட்கவில்லை.

இப்போது வெட்டுத்துணியைக் கேட்கிறாள்.

அடுத்த செய்தியில் விவரம் வந்தது. அவளோடு வார்டில் வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். சின்னச் சின்னச் சதுரமாகத் துணியை வெட்டி, ஒன்பது சதுரத்தைச் சேர்த்து ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். அப்படி இருபது கட்டத்தைச் சேர்த்தால் பிள்ளைக்கு ஒரு போர்வை. பதினொன்று முடித்தபோது ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். மிஷினில் உட்காரக் கூடாது. கட்டங்களைப் படுத்துக்கொண்டே கையால் சேர்த்துவிடலாம், ஆனால் மிச்சம் ஒன்பது கட்டத்தையும் கையால் தைத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

"அந்த ஒம்பதையும் நீ தைச்சு அனுப்பினா நல்லா இருக்கும்க்கா. நம்ம ஊர்த் துணியும் அதுல இருக்கட்டுமேன்னு தோணிச்சு" என்றாள். கடியப்பட்டணத்துப் பெண் ஒருத்தி அவள் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள், எட்டு நாளில் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

நான் அன்றைக்குக் கடை வாசலில், 'எட்டு நாளைக்கு அவசரத் தையல் எடுக்கப்படாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. டீச்சர் வந்து ஜாக்கெட்டைக் கேட்டபோது கொக்கி இடம் மாறியிருந்ததைச் சொல்லாமல் சிரித்தே அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, லாட்டரி அடிச்சா?" என்றார். நான் மூட்டைகளைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எத்தனை துணி! நானே மறந்துபோனவை எல்லாம் வெளியே வந்தன. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று தைத்த சிவப்புப் பாப்ளின்கள். பள்ளிக்கூடத்துச் சீருடை நீலம். மாங்காய் போட்ட நைட்டித் துண்டு. மெல்லிய வெள்ளை லைனிங். பருத்தி மட்டும் போதும், வழுக்குகிற துணி வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அது எனக்குத் தெரியாதா என்று போனைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே பிரித்து வைத்தேன். வெள்ளையில் சிவப்பு நட்சத்திரம் வைத்துப் பார்த்தேன், மஞ்சள் வைத்துப் பார்த்தேன், பச்சை வைத்தேன். எல்லாமே நன்றாக இருந்தது. ஒன்பதுதானே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் மதியம், அங்கே காலை நேரம், அவள் வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கண்ணைப் பார்த்துப் பேச இரண்டு பேருக்கும் கூச்சம். அதனால் இரண்டு பேருமே துணியைப் பார்த்துப் பேசினோம்.

"சதுரம் மூணரை இன்ச் வெட்டணும்க்கா. தையலுக்குக் கால் இன்ச்தான் விடணும். ரெண்டு பக்கமும் சரியா கால் இன்ச். கட்டம் முடிஞ்சா ஒம்பதரை இன்ச் வரணும்" என்றாள்.

"சரி."

"மிஷின் தகட்டுல ஊசியிலேருந்து கால் இன்ச் அளந்து ஒரு டேப்பு ஒட்டிக்கோ. துணியோட ஓரம் அந்த டேப்பை உரசிக்கிட்டே போணும். அப்போ தப்பாது."

டேப் ஒட்டுவதா! தையல் பழக வருகிற பிள்ளைகளுக்கு நேர்க்கோடு வராதபோது நான்தான் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுப்பேன். என் மிஷினில் எனக்கே ஒட்டச் சொல்கிறாள், பட்டன் கோக்கத் தெரியாமல் என்னிடம் வந்து நின்ற பெண். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிட்டி, மேல சொல்லு" என்றேன்.

மேலே அவள் சொன்னதைக் கேட்டபோது கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நட்சத்திரத்தின் நாலு முனைக்கும் பாதி வெள்ளை, பாதி நிறம் என்று முக்கோணம் சேர்ந்த சதுரம் வேண்டும். நான் என்ன நினைத்தேன்? முக்கோணமாக வெட்டி, அப்புறம் இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும், சாய்ந்து வெட்டிய துணி இழுபட்டுக் கோணும், அதை எப்படிச் சமாளிக்கிறாளோ பார்ப்போம் என்று நினைத்தேன். அவள் முக்கோணமே வெட்டவில்லை. நாலு இன்ச்சில் ஒரு வெள்ளைச் சதுரம், அதே அளவில் ஒரு சிவப்புச் சதுரம், ஒன்றின் மேல் ஒன்று. மூலையிலிருந்து மூலைக்குச் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி இன்னும் இரண்டு கோடு. பக்கத்துக் கோடுகள் இரண்டிலும் தையல். அப்புறம் நடுக்கோட்டில் கத்திரி, கடைசியில் ஓரம் சீவி மூணரை இன்ச்.

நான் கத்திரியைப் போட்டுத் துணியை விரித்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டுமே பாதி வெள்ளை பாதி சிவப்பாக விரிந்தது. இழுபடவில்லை, கோணவில்லை. தைத்த பிறகுதானே வெட்டினோம்!

"ஏட்டி!" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கா?" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

"இருபத்திரெண்டு வருசமா இதை ஏன் யாருமே எனக்குச் சொல்லல்ல?" என்றேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று எனக்குள் கணக்கு ஓடியது, அதை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்த சதுரத்தை எடுத்தேன்.

இரண்டு நாள் வெறி பிடித்தாற்போல முக்கோணமாகவே தைத்தேன். ஒன்று முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை ஊசிக்குக் கீழே தள்ளிவிட வேண்டும் என்றும் அவள் சொல்லிக்கொடுத்தாள். மிஷினுக்குப் பின்னால் அவை ஒன்றோடொன்று நூலில் தொங்கிக்கொண்டு தோரணம் மாதிரி இறங்கும். கடைசியில் ஒரே இருப்பில் நறுக்கிவிடலாம். மாலையில் நைட்டிக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் அதை மறந்து அந்தத் தோரணத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி, "இது எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டாள். "என் தங்கச்சி பிள்ளைக்கு" என்று நான் சொன்ன குரலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

இஸ்திரி போடுவதிலும் ஒரு சூட்சுமம். நாங்கள் தையலை இரண்டாக விரித்துத் தேய்ப்போம். இதில் விரிக்கக் கூடாது, ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும், அடர்ந்த நிறத்தின் பக்கம். முதல் வரிசையின் தையல் வலப்பக்கம் சாய்ந்தால் இரண்டாவது வரிசையின் தையல் இடப்பக்கம் சாய வேண்டும். அப்போது இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைத்தால் மேடு பள்ளத்தில் போய் உட்காரும். விரலால் தடவினாலே தெரியும். அப்படி உட்கார்ந்துவிட்டால் நாலு சதுரமும் ஒரே புள்ளியில் சந்திக்கும், ஒரு நூல் அளவு விலகாது. முதல் தடவை அது சரியாக வந்து உட்கார்ந்தபோது நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி அவர் விரலைப் பிடித்துத் தடவ வைத்தேன். "தெரியுதா?" என்றேன். "என்னது தெரியணும்?" என்றார். இவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

நாலாம் நாள் ஒன்பது கட்டமும் முடிந்தது. தரையில் பாய் விரித்து மூன்று மூன்றாகப் பரப்பினேன். ஒன்பது நட்சத்திரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். எனக்கு என் கையையே முத்தமிடலாம் போல இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். உடனே சிவப்பு இதயமாக வந்து கொட்டியது. அதன் பிறகு ஒரு வரி வந்தது. 'அக்கா, ஒரு கட்டத்துக்க மேல டேப் வச்சு ஒரு படம் அனுப்பு.'

அனுப்பினேன். இன்ச் டேப்பை வைக்கும்போதே தெரிந்துவிட்டது. எட்டரை. ஒன்பதரை வர வேண்டிய இடத்தில் எட்டரை. அடுத்ததை அளந்தேன், எட்டரை. ஒன்பதும் அச்சு மாறாமல் எட்டரை. அவள் தைத்து வைத்திருக்கிற பதினொன்றோடு இதில் ஒன்றுகூடச் சேராது.

போன் வந்தது.

"அக்கா, தையலுக்கு எத்தனை விட்டே?"

"அரை இன்ச்."

"கால்னு சொன்னேன்லா? முக்கோணம் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

முக்கோணத்துக்குக் கோடு போட்டிருந்தது, அதனால் கோட்டில் போனேன். சதுரங்களைச் சேர்க்கிறபோது கோடு இல்லை. டேப்பும் நான் ஒட்டவில்லை. என் கை தன் பழக்கத்துக்கு அரை இன்ச்சில் ஓடியது. கை ஓடியதென்று பழியைக் கை மேல் போட முடியாது. எனக்குத் தெரிந்தேதான் விட்டேன். இவள் சின்னப் பெண், கால் இன்ச்சில் தைத்தால் ஒரு துவைப்புக்கே பிசிறு விட்டுப் பிரிந்துவிடும், நாம் உறுதியாகத் தைத்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். ஒரு தையலுக்குக் கால் இன்ச் இங்கே, கால் இன்ச் அங்கே என்று கூடினால் கட்டத்தில் ஒரு இன்ச் போய்விடும் என்ற கணக்கு, தினமும் அளவெடுக்கிற எனக்குத் தோன்றவில்லை. முடிந்த பிறகு அளந்தாவது பார்த்தேனா? என் கண்ணே டேப் என்று பெருமை.

இதையெல்லாம் சொல்லாமல், "கால் இன்ச் விட்டா பின்ன பிரிச்சு விட என்ன இருக்கும்?" என்று பாய்ந்தேன்.

எங்கள் பக்கத்துத் தையல்காரிகளுக்கு அது வேதம். ஜாக்கெட்டின் இரண்டு பக்கத் தையலுக்கு உள்ளேயும் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் துணி விட்டிருக்க வேண்டும். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம், பிள்ளை உண்டானால் பிரித்துவிடலாம். துணி விடாமல் தைக்கிறவளிடம் இரண்டாவது தடவை யாரும் போகமாட்டார்கள்.

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"போர்வையை எதுக்குக்கா பிரிக்கப் போறோம்?" என்றாள். குரல் மாறியிருந்தது. "எல்லாத்துலயும் நீ உள்ள துணி விடுவே. என் ஒவ்வொரு ஜாக்கெட்லயும் விட்டே. 'பிள்ளை உண்டாவும்போ வேணும், கிடக்கட்டும்'னு எல்லாரும் இருக்கும்போதே சொல்லிச் சொல்லி விட்டே. ஒம்பது வருசம். அதைப் போடும்போதெல்லாம் உள்ள மடிச்சிருக்க துணி விலாவுல தட்டும்க்கா. பிரிக்க நாள் வரல்லியே, வரல்லியேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதான் அந்தக் கல்யாணத்துக்கு வெளிய குடுத்தேன். உள்ள ஒரு நூல் கூட விடாதீங்கன்னு சொல்லிக் குடுத்தேன். உன் தையல் குறைஞ்சு போய் இல்ல."

பாயில் கிடந்த ஒன்பதையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"சரி மக்கா. பிரிக்கேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

ஒரு கட்டத்தில் எட்டுத் தையல். ஒன்பது கட்டத்துக்கு எழுபத்திரண்டு. மிஷின் முன்னால் உட்கார்ந்து தையல் பிரிக்கும் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நான் நெருக்கித் தைக்கிறவள், என் தையல் லேசில் பிரியாது. அது என் பெருமையாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பெருமையை நானே திட்டிக்கொண்டு பிரித்தேன். ஆசையாகத்தானே விட்டேன்? அவளுக்குப் பிள்ளை வரும் என்று அவளைவிட நான் நம்பினேன், அதைத் துணியில் மடித்து வைத்தேன். அது அவளைக் குத்தும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. கேட்கிறவர்கள் முன்னால் வேறு சொல்லி இருக்கிறேன். அவள் பந்தியில் பேசாமல் எழுந்து போனதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அழுதேன். துணி நனையாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.

அழுது முடித்து, டப்பாவிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தேன். ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து, மிஷின் தகட்டில் ஒட்டினேன். கற்றுக்கொள்ள வந்திருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, நானும் இப்பத்தான் பழகுகேன்" என்றேன்.

முதலில் மூன்று துண்டு வேண்டாத துணியைச் சேர்த்துத் தைத்து அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. அப்புறம் நல்ல துணியை எடுத்தேன். ஓரம் பிளாஸ்திரியை உரசிக்கொண்டே போக, மிஷினை மெல்ல விட்டேன். கால் இன்ச்சில் தைக்கும்போது கைக்குப் பிடிமானமே இல்லாத மாதிரி இருந்தது, விளிம்பில் நடக்கிற பயம். ஆனால் தையல் மெலிதாக விழுந்தது. இஸ்திரி போட்டால் கனமே இல்லாமல் படுத்தது. முன்பு மூலைகள் சந்தித்த இடத்தில் ஒரு கட்டி தட்டியது. அதை உறுதி என்று நினைத்திருந்தேன். இப்போது கையால் தடவினால் தாள் மாதிரி இருந்தது. பிறந்த பிள்ளையின் உடம்பில் அரை இன்ச் மடிப்புகளைப் போர்த்த இருந்தேனே என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் கட்டம் முடிந்ததும் டேப்பை வைத்தேன். ஒன்பதரை! எழுந்து நின்று கை தட்டினேன். அந்தப் பெண்களும் கை தட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே. அடுத்தது ஒன்பதரை. அதற்கடுத்தது ஒன்பதரை. ஒவ்வொன்றுக்கும் டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கமிருந்து ஒரு இதயம் வந்தது. இரண்டாவது நாள் சாயங்காலத்துக்குள் ஒன்பதும் முடிந்துவிட்டது.

ஒரு குறை மட்டும் இருந்தது. பழைய தையல் போன இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நீராவி பிடித்தேன், நகத்தால் நீவினேன். சிவப்பில் மறைந்தது, வெள்ளையில் மறையவில்லை. அதற்கு மேல் நேரமில்லை.

பொதியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரின் பைக்கில் கடியப்பட்டணம் போனோம். அந்த நர்ஸ் பெண்ணின் வீட்டில் அப்போது பெரிய யுத்தம். அவள் அம்மா நெய்மீன் கருவாட்டை எட்டுப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறார், பெட்டி எடை கூடிவிட்டது. தராசில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்கள். அந்த அம்மா என் பொதியைப் பார்த்த பார்வையில் அதை முதுகுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன்.

"துணிதானே? அடுத்த தடவை கொண்டு போவா" என்றார்.

"அடுத்த தடவைக்குப் பிள்ளை பிறந்திரும்மா" என்றேன். பொதியை அவிழ்த்துக் கட்டில் மேல் ஒன்பது நட்சத்திரத்தையும் பரப்பினேன். அந்த வீட்டில் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். அந்த அம்மா ஒன்றைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பி, தையலைத் தடவி, மறுபடி முன்பக்கம் பார்த்தார். அப்புறம் தானாகவே பெட்டியிலிருந்து ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தார்.

"ரெண்டு கவர் போட்டுக் கட்டும்மா. இல்லைன்னா பிள்ளைக்குக் கருவாட்டு மணம் அடிக்கும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வைத்த பொட்டலத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

நாலு நாள் கழித்து, மதியச் சோறு முடிந்த நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. தங்கை தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டில் முழுக்க நட்சத்திரம், அவளுடையது பதினொன்று, என்னுடையது ஒன்பது. மாப்பிள்ளை போனைப் பிடித்திருந்தார்.

"பாரு, நீ பாக்கத்தான் இதுவரைக்கும் தொடாம வச்சிருந்தேன்" என்று ஒரு கட்டத்தையும் இன்னொரு கட்டத்தையும் எடுத்தாள். ஒன்று அவளுடைய பூப்போட்ட வெளிநாட்டுத் துணி, ஒன்று என்னுடைய கொடைச் சிவப்பு. முகத்தோடு முகம் வைத்து, மேட்டைப் பள்ளத்தில் விரலால் உட்கார்த்தி, குண்டூசி குத்தினாள். கையால் ஓட்டத் தையல் போட்டாள். நான் இங்கே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலை முடிச்சிட்டு விரித்துக் காட்டினாள். அவள் சதுரமும் என் சதுரமும் ஒரே கோட்டில் நின்றன. ஒரு நூல் விலகவில்லை.

"ஐயோ, சரியா இருக்குட்டி! சரியா இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவள் வெள்ளையில் இருந்த துளைகளை விரலால் தடவினாள். "இதெல்லாம் துவைச்சா போயிரும். போகல்லன்னாலும் இருக்கட்டும்" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் கேட்கட்டும், அவள் கேட்கட்டும் என்று இத்தனை மாதமாக நான் பிடித்து வைத்திருந்த பிடி எனக்கே அசிங்கமாக இருந்தது. யார் யாரிடம் கேட்க வேண்டும்?

"மக்கா, நான் சொன்னதெல்லாம் தப்பு. மன்னிச்சிரு" என்றேன். "பிரசவத்துக்கு நான் வரட்டா? உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. எனக்கு வரணும்."

அவள் கையிலிருந்த கட்டத்தை மடியில் வைத்தாள்.

"கேட்டா வரமாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே கிடந்தேன்க்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே நர்ஸாகிவிட்டாள். "ஆனா நேரம் இல்லையேக்கா. விசாவுக்கே மூணு வாரம் ஆகும். நீ பாஸ்போர்ட்டே எடுக்கல்லியே. இனி அதுக்கு எழுதிக்கொடுத்து, போலீஸ் வந்து விசாரிச்சு, எப்ப வந்து சேர?"

நான் எழுந்து உள்ளே போனேன். பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து போனுக்கு நேரே பிடித்தேன். புத்தம் புதுசு. ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

"எப்ப எடுத்தே?" என்றாள்.

"நீ உண்டாயிருக்கேன்னு அத்தானுக்குச் சொன்னேல்லா," என்றேன், "அதுக்கு மறுநாள் போய் எழுதிக்கொடுத்தேன்."